தாத்தாவின் சவரக்கத்தி: எந்தக் கோளாறுக்கு என்ன பக்குவம்

பரணிலிருந்தோ ட்ரங்க் பெட்டியின் அடியிலிருந்தோ ஒரு மடக்குச் சவரக்கத்தி கிடைத்தால், பலரும் முதலில் செய்வது உப்புத்தாளை எடுத்துப் பளபளவென்று தேய்ப்பது. இல்லையென்றால் தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுப்பது. நூறு வருஷம் தாங்கிய கத்தி இந்த இரண்டில் ஒன்றால் ஒரே மத்தியானத்தில் வீணாகிவிடும். அரிவாளுக்கும் காய் நறுக்கும் கத்திக்கும் சரியான சாணைச் சக்கரம் சவரக்கத்திக்கு எமன்.

ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். சவரக்கத்தியைக் கல்லில் படுக்கவைத்துத் தீட்டுகிறோம். வாயும் முதுகும் ஒரே நேரத்தில் கல்லில் படுகின்றன. அதனால் தீட்டும் கோணத்தை முடிவு செய்வது கத்தி முதுகின் கனம்தான். கத்தியின் அகலம் 16 மில்லிமீட்டர், முதுகு 5 மில்லிமீட்டர் என்றால் வாயின் கோணம் ஏறத்தாழ 18 டிகிரி. அதே கத்தியின் முதுகை யாராவது தேய்த்து 4 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்துவிட்டால் கோணம் 14 டிகிரிக்கு இறங்கிவிடும். அவ்வளவு மெல்லிய வாய் தாடியில் நிற்காது. மடங்கும், பொடிப்பொடியாக உதிரும். துரு எடுப்பது, பல் (வாயில் விழும் உடைப்பு) எடுப்பது, தீட்டுவது எல்லாமே கொஞ்சம் எஃகைச் செலவழிக்கும் வேலைகள். எது குறைவாகச் செலவழிக்கிறதோ அதுதான் சரியான வழி.

வேலை தொடங்குமுன் ஒரு பத்து மடங்கு பூதக்கண்ணாடி, நல்ல மேசை விளக்கு, தையல் மெஷின் எண்ணெய், கொஞ்சம் மாஸ்கிங் டேப் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மழுங்கியிருந்தாலும் கத்தி கத்திதான். வாயின் மேல் டேப்பை ஒட்டிவிட்டுத்தான் மற்ற இடங்களைத் துடைக்க வேண்டும். டெட்டனஸ் ஊசி போட்டு ரொம்ப நாளாகியிருந்தால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கீழே இருக்கும் வரிசையில் ஒரு காரணம் உண்டு. கத்தியைக் கைவிட வேண்டிய கோளாறுகள் முதலில் வருகின்றன. அவை இருந்தால் மேற்கொண்டு உழைப்பதில் அர்த்தமில்லை, துடைத்து எண்ணெய் தடவி ஞாபகமாக வைத்துக்கொள்வதே மரியாதை.

கத்தியில் முடி போல ஒரு கோடு தெரிகிறது

கீறலா, விரிசலா என்று கண்டுபிடிக்க வேண்டும். கீறல் மேற்பரப்பில் மட்டும் இருக்கும், மறுபக்கத்தில் தெரியாது. விரிசல் பெரும்பாலும் வாயிலிருந்து முதுகை நோக்கி மேலே ஏறும், இல்லையென்றால் கத்தியின் அடிமூலை கழுத்தோடு, அதாவது கத்திக்கும் பிடியின் ஆணிக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய பகுதியோடு, சேரும் இடத்தில் தொடங்கும். சந்தேகமாக இருந்தால் அந்த இடத்தில் மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, சற்றுப் பொறுத்து, துணியால் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். சில நிமிடம் கழித்து விளக்கின் கீழ் பாருங்கள். விரிசலாக இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் அந்தக் கோட்டின் வழியே மறுபடி கசிந்து ஈரமாக மின்னும்.

கத்தியைத் திறந்து, வாயைத் தொடாமல் பக்கவாட்டில் நகத்தால் சுண்டிப் பார்ப்பதும் உண்டு. குழிவாக அரைத்த மெல்லிய கத்தி நன்றாக இருந்தால் மணி போல ஒலிக்கும். விரிசல் விட்டதில் ஒலி செத்திருக்கும். இதை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். தடிமனான பழைய ஷெஃபீல்ட் (இங்கிலாந்து) கத்திகள் நல்ல நிலையில் இருந்தாலும் பெரிதாக ஒலிக்காது.

விரிசல் உறுதியானால் அந்தக் கத்தி முகத்தின் பக்கம் போகவே கூடாது. ஒட்டவைக்கவோ பற்றவைக்கவோ வழியில்லை. வாயில் ஒரு மில்லிமீட்டருக்குள் நிற்கும் சின்ன விரிசலை மட்டும் தேய்த்து எடுத்துவிடலாம். அதற்கான முறை பல் விழுந்த கத்திக்குச் சொல்வதேதான்.

எஃகில் நீலமோ ஊதாவோ ஓடியிருக்கிறது

யாரோ மோட்டாரில் வைத்துத் தேய்த்திருக்கிறார்கள், இல்லை நெருப்பில் காட்டியிருக்கிறார்கள். சவரக்கத்திகள் பெரும்பாலும் 200 டிகிரி செல்சியஸை ஒட்டியோ அதற்குக் கீழேயோ பதம் செய்யப்பட்டவை. சூடு ஏற ஏற எஃகின் மேல் வைக்கோல் மஞ்சள், ஊதா, நீலம் என்று வரிசையாக நிறம் ஏறும். நீலம் வந்துவிட்டால் சுமார் 300 டிகிரியைத் தொட்டாயிற்று என்று அர்த்தம். அந்த இடத்தில் பதம் போய்விட்டது. தீட்டினால் கூர் வரும், ஆனால் ஒரு கன்னத்துக்குக்கூடத் தாங்காது.

இந்த நிறம் மேலே படிந்த மெல்லிய படலம்தான். பாலிஷ் போட்டால் நிறம் போய்விடும், மெத்தென்று ஆன எஃகு அப்படியே இருக்கும். ஆகவே கடையில் கண்ணாடி மாதிரி மின்னும் பழைய கத்தியைவிட, கறுத்துப்போன கத்தியைத்தான் நான் அதிகம் நம்புவேன். கறுப்பு, சாம்பல் நிறப் படிவம் காலத்தால் வருவது. அது கெடுதல் செய்யாது. நிறம் கழுத்திலோ வாலிலோ (ஆணிக்குப் பின்னால் நீளும் நுனி) மட்டும் இருந்தால் கவலையில்லை. வாயில் இருந்தால் கத்தியின் ஆயுள் முடிந்தது.

கத்தி முழுக்கச் செந்துரு

பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் பல சமயம் இதுதான் எளிதான கோளாறு. மேலாகப் படிந்த செந்துரு மாவு மாதிரி விரலில் ஒட்டும். தையல் மெஷின் எண்ணெயை நிறையத் தடவி ஒரு இரவு ஊறவிடுங்கள். மறுநாள் மிக மெல்லிய எஃகுப் பஞ்சால், கடையில் நான்கு சைபர் என்று கேட்டால் கொடுப்பார்கள், அதே எண்ணெயோடு முதுகிலிருந்து வாயை நோக்கி, ஒரே திசையில் தேயுங்கள். வாயை நோக்கித்தான், வாயிலிருந்து எதிர்த்து வந்தால் விரல் போகும். பெரும்பாலான கத்திகளுக்கு இதுவே போதும்.

எஃகுப் பஞ்சுக்கு அசையாத இடங்களில் மட்டும் வாட்டர் பேப்பர். 600-இல் தொடங்கி 1000, 2000 என்று போகலாம், எண் ஏற ஏறத் தாள் மெல்லியது. ஒவ்வொரு தாளும் முந்தின தாளின் கோடுகளை அழிக்கும்வரை அடுத்ததற்குப் போகாதீர்கள். கையுறை போடாமல் செய்யுங்கள், விரலுக்குச் சுட்டால் எஃகுக்கும் சுடுகிறது, நிறுத்திக் குளிரவிடலாம். ட்ரில்லில் பஃப் சக்கரம் மாட்டிச் செய்யவே வேண்டாம். மெல்லிய வாய் நொடியில் சூடேறும், சக்கரம் கத்தியைப் பிடுங்கி எறிந்தால் எங்கே போய்க் குத்தும் என்று சொல்ல முடியாது.

வினிகரில், எலுமிச்சைச் சாற்றில், புளிக்கரைசலில் ஊறவைக்கலாம் என்று சொல்வார்கள். துரு போகும் என்பது உண்மைதான். கூடவே நல்ல எஃகும் அரிக்கும், மேல்பரப்பு மங்கிச் சாம்பலாகும். சவரக்கத்திக்கு இது வேண்டாம்.

கத்தியின் பக்கத்தில் பொன்னிறத்தில் எழுத்தோ பூவேலையோ தெரிந்தால் அதன் மேல் பாலிஷ் பசையைக் கொண்டுபோகாதீர்கள். அந்தத் தங்கப்பூச்சு மிக மெல்லியது, இரண்டு தேய்ப்பில் போய்விடும். அங்கே வெறும் எண்ணெயும் பருத்தித் துணியும் மட்டும்.

துரு போன பிறகு கறுப்புக் குழிகள் தெரிகின்றன

எங்கே இருக்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். கத்தியின் நடுவிலோ முதுகிலோ கழுத்திலோ இருக்கும் குழிகள் அழகுக்குறைவு மட்டுமே. முடி வெட்டுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவற்றை மறையும்வரை தேய்க்க வேண்டுமானால் சுற்றியுள்ள நல்ல எஃகை எல்லாம் குழியின் ஆழத்துக்கு இறக்க வேண்டும். குழியின் உள்ளே செந்துரு இல்லாமல் சுத்தம் செய்து, எண்ணெய் பூசி விட்டுவிடுங்கள்.

வாயை ஒட்டி இருந்தால் நிலைமை வேறு. இப்போது வாய் நன்றாகத் தெரியும். நான்கைந்து முறை தீட்டியபின் வாய் அந்தக் குழியின் நடுவுக்குப் போய்ச் சேரும், அன்றைக்கு அங்கே எஃகு உதிர்ந்து பல் விழும். பூதக்கண்ணாடியில் வாயை ஓரம் ஓரமாகப் பாருங்கள். வாயோரத்தில் மிளகுத்தூள் தூவினாற்போல் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் அந்த வரிசைக்கு மேலே போகும்வரை எஃகு எடுக்க வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போக வேண்டியிருந்தால் நான் அந்தக் கத்தியை விட்டுவிடச் சொல்வேன்.

கழுத்தில் எழுத்து இருக்கிறது, படிக்க முடியவில்லை

உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். எண்ணெய் ஊறிய பின் பல்குத்தும் குச்சியால் எழுத்தின் பள்ளத்தைச் சுரண்டுங்கள். அப்புறம் இருட்டில், டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்து நிழலில் எழுந்து வரும்.

இந்த எழுத்துக்காகக் கொஞ்சம் மெனக்கெடலாம். நம் ஊர் வீடுகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலோ ஜெர்மனியின் சோலிங்கனிலோ செய்யப்பட்டவை. நட்சத்திரமும் சிலுவையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அது ஷெஃபீல்டின் ஜோசஃப் ராட்ஜர்ஸ் முத்திரை. கிரீடத்தோடு வி, ஆர் என்ற இரண்டு எழுத்து இருந்தால் விக்டோரியா ராணியின் காலம், 1837 முதல் 1901 வரை. டபிள்யூ, ஆர் என்றால் அதற்கு முந்தின நான்காம் வில்லியம், 1830 முதல் 1837 வரை. ஊர்ப்பெயரோடு நாட்டின் பெயரும் இருந்தால், பொதுவாக 1880-களின் கடைசிக்குப் பிந்தியது என்று கொள்ளலாம். இறக்குமதிச் சரக்கில் செய்த நாட்டைக் குறிக்கச் சொல்லி பிரிட்டன் 1887-லும் அமெரிக்கா 1890-லும் சட்டம் போட்டன. காஸ்ட் ஸ்டீல் என்று பொறித்திருந்தால் கத்தியையே அச்சில் வார்த்தார்கள் என்று நினைக்க வேண்டாம். 1740-களில் ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் கொண்டுவந்த மூசை எஃகை, அதாவது மண் குவளையில் உருக்கிய எஃகைக் குறிக்கும் பெயர் அது. அந்த எஃகுக் கட்டியைச் சம்மட்டியால் அடித்துத்தான் கத்தி செய்தார்கள்.

வாயில் பல் விழுந்திருக்கிறது

அரை மில்லிமீட்டருக்கு உட்பட்ட பல் என்றால் தனியாக ஒன்றும் செய்ய வேண்டாம். 1000 எண் தீட்டுக்கல்லில் (எண் ஏற ஏறக் கல் நுண்மையாகும்) முறையாகத் தீட்டும்போதே தேய்ந்து போய்விடும். பெரிய பல்லாக இருந்தால் கத்தியைக் கல்லின் மேல் செங்குத்தாக, வாய் கீழே இருக்கும்படி நிறுத்தி, எடை கொடுக்காமல் முன்னும் பின்னும் இழுத்து, பல் இருந்த உயரத்துக்கு வாய் முழுவதையும் இறக்குவார்கள். செய்து முடித்ததும் கத்தி மொட்டையாக நிற்கும், நெஞ்சு பதறும். பரவாயில்லை, வாயைப் புதிதாக வளர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 16 மில்லிமீட்டர் கத்தியில் ஒரு மில்லிமீட்டரை இப்படி எடுத்தால் முதுகு அப்படியே இருக்க அகலம் குறைகிறது, கோணம் 18-லிருந்து 19 டிகிரிக்கு ஏறுகிறது. இது தாங்கும். இரண்டு மில்லிமீட்டர் எடுத்தால் 20-ஐத் தாண்டும், கத்தி தாடியை வெட்டுவதற்குப் பதில் தள்ளத் தொடங்கும்.

முனை மட்டும் உடைந்திருந்தால் வாயைத் தொடாதீர்கள். முனையைக் கல்லில் வட்டமாக உருட்டித் தேய்த்துவிடுங்கள். சதுர முனைக் கத்தி வட்ட முனைக் கத்தியாகும், அவ்வளவுதான். புதிதாகச் சவரம் பழகுபவருக்கு வட்ட முனை நல்லதும்கூட, காதோரத்தில் குத்தாது.

தீட்டியும் கூர் வரவில்லை

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. இங்கே அவசரப்பட்டு மேலே மேலே மெல்லிய கல்லுக்குப் போனால் ஒரு பயனும் இருக்காது. 8000 கல் கூர்மையை உண்டாக்காது, இருக்கும் கூர்மையை மெருகேற்றும். கூர் பிறப்பது 1000 கல்லில்.

முதலில் கல் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கற்கள் நடுவில் குழிந்திருக்கும். கல்லின் மேல் பென்சிலால் கட்டம் போட்டு, கண்ணாடிப் பலகையில் வாட்டர் பேப்பரைப் பரப்பி, தண்ணீர் தெளித்துக் கல்லைத் தேயுங்கள். எல்லாக் கட்டமும் ஒருசேர அழியும்வரை தேய்க்க வேண்டும்.

அடுத்து மை சோதனை. வாயின் இரண்டு பக்கத்திலும், அடியிலிருந்து முனைவரை, மார்க்கர் பேனாவால் பட்டையாகக் கோடு போடுங்கள். கத்தியைக் கல்லில் படுக்கவைத்து, முதுகும் வாயும் தொட, எடையே கொடுக்காமல் ஒரே ஒரு முறை வாய் முன்செல்லத் தள்ளுங்கள். எடுத்துப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். வாய் விளிம்புவரை மை போயிருந்தால் கல் சரியாகத் தொடுகிறது. விளிம்பில் முடி அளவு கறுப்பு மிச்சமிருந்து அதற்கு மேலே மை போயிருந்தால் கல் வாயை இன்னும் எட்டவில்லை. அந்தக் கறுப்பு இழை போகும்வரை 1000 கல்லை விட்டு நகரக் கூடாது. ஐந்து நிமிடத்திலும் போகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம்.

மை திட்டுத்திட்டாகப் போனால் கத்தியின் வடிவத்தில் ஏதோ இருக்கிறது.

நடுவில் மட்டும் மை மிச்சம், இரண்டு ஓரத்திலும் போய்விட்டது என்றால் வாய் உட்குழிந்திருக்கிறது. குழிந்த கல்லில் பல வருஷம் தீட்டியதால், நடுவில் அழுத்தியதால் வரும் கோளாறு. மேசையில் வாயை வெளிச்சத்துக்கு எதிராக ஒரு ஸ்கேலில் வைத்துப் பார்த்தால் நடுவில் வெளிச்சம் ஒழுகும். லேசான குழிவு சமமான கல்லில் தீட்டத் தீட்டத் தானாகச் சரியாகும், ஏனென்றால் மேடான இரண்டு ஓரமும்தான் முதலில் தேயும். முதுகு வீணாகத் தேயாமல் இருக்க எலக்ட்ரிக்கல் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று முதுகில் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒரு சுற்று டேப் கோணத்தை ஏறத்தாழ ஒரு டிகிரி கூட்டும். குழிவு ஆழமாக இருந்தால் பல்லுக்குச் சொன்னதுபோல வாயை இறக்கித்தான் ஆக வேண்டும்.

நடுவில் மட்டும் மை போய் ஓரங்களில் மிச்சமிருந்தால் வாய் வெளிப்புறம் வளைந்திருக்கிறது. இது கோளாறே கிடையாது! பழைய ஷெஃபீல்ட் கத்திகளில் பலவற்றை அப்படித்தான் செய்தார்கள். அதை நேராக்கப் போனால் நடுவிலிருந்து எஃகை வாரி இறைக்க வேண்டும். அதற்குப் பதில் தள்ளும்போதே அடியில் தொடங்கி முனையில் முடியும்படி மணிக்கட்டை மெல்ல உருட்டுங்கள். வளைவு முழுக்கக் கல்லைத் தொட்டுவிடும்.

ஒரு பக்கத்தில் நடுவும், மறுபக்கத்தில் இரண்டு ஓரமும் மை போயிருந்தால் கத்தி லேசாக முறுகியிருக்கிறது. பழைய கத்திகளில் இது சகஜம். வளைத்து நிமிர்த்த நினைக்காதீர்கள், கத்தி ஒடியும். கல்லின் முழு அகலத்தையும் விட்டுவிட்டு, அதன் ஒரு ஓரத்தில் ஒரு அங்குல அகலத்தை மட்டும் பயன்படுத்தி, அடியிலிருந்து முனைக்குச் சாய்வாக இழுத்துத் தீட்டினால் வாயின் ஒவ்வொரு துண்டும் தன் முறைக்குக் கல்லைத் தொடும்.

அடிப்பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் மை அசையாமல் இருந்தால் கத்தியின் கழுத்துத் தடிப்பு கல்லின் மேல் ஏறி நிற்கிறது. சோலிங்கன் கத்திகள் பலவற்றில் வாய் தொடங்கும் இடத்தில் தூண் மாதிரி ஒன்றிரண்டு தடிப்பு இருக்கும். அது கல்லில் ஏறினால் வாய் தூக்கிக்கொள்ளும். கத்தியை இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே தள்ளிவைத்துத் தீட்டுங்கள். அதற்குள் அடிமூலை கொக்கிபோல நீண்டிருந்தால் அந்த மூலையை மட்டும் சற்று வட்டமாகத் தேய்த்துவிட வேண்டும்.

சரி, வாய் முழுக்கக் கல் தொடுகிறது. இப்போது விளக்கின் கீழ், வாய் உங்களை நேராகப் பார்க்கும்படி பிடித்து, மெல்ல ஆட்டிப் பாருங்கள். கூரான வாய் கண்ணுக்குத் தெரியாது. எங்கேயாவது வெள்ளையாக ஒரு புள்ளியோ இழையோ மின்னினால் அங்கே வாய் இன்னும் தட்டையாக இருக்கிறது. எதுவும் மின்னாமல், முன்கை முடியைத் தோலை ஒட்டி அடிமுதல் முனைவரை ஒரே மாதிரி மழித்தால் 1000 கல்லின் வேலை முடிந்தது.

அப்புறம் 4000, 8000. முடிந்தால் 12000. ஒவ்வொன்றிலும் எடையைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். கடைசிக் கல்லில் கத்தியின் சொந்த எடை மட்டும்தான். அங்கே தண்ணீரையே கவனியுங்கள். கல்லின் மேல் மெல்லிய தண்ணீர்ப் படலம் விட்டுக் கத்தியைத் தள்ளும்போது, தொடக்கத்தில் வாய் தண்ணீரை முன்னே தள்ளிக்கொண்டு போகும். கூர் நெருங்க நெருங்கத் தண்ணீர் வாயின் மேலே ஏறி, கத்தியின் முகத்தில் நீளமாக வழியும். அடியில் ஏறி முனையில் ஏறவில்லை என்றால் முனையில் இன்னும் வேலை இருக்கிறது. ஒற்றை முடியைத் தொங்கவிட்டு வெட்டிப் பார்க்கும் சோதனையைவிட இதை நான் நம்புகிறேன், முடிக்கு முடி கனம் மாறும்.

தாத்தாவின் பெட்டியில் கத்தியோடு சின்னதாக, வழவழவென்று, மஞ்சளாகவோ சாம்பல் பச்சையாகவோ ஒரு கல் இருந்தால் அதைத் துணி துவைக்கும் இடத்தில் போட்டுவிடாதீர்கள். பெல்ஜியத்தின் ஆர்டென் பகுதியில் வெட்டிய கோட்டிக்யூல் கல்லோ, ஜெர்மனியின் துரிங்கியாவிலிருந்து வந்த கல்லோ அதுவாக இருக்கலாம். இரண்டும் கடைசிக் கல்லாக அருமையாக வேலை செய்யும். ஓரத்தில் காகித லேபிள் ஒட்டியிருந்தால் நனைக்காமல் காப்பாற்றுங்கள்.

முன்கை முடியை மழிக்கிறது, தாடியில் இழுக்கிறது

தோல் வாரில், அதாவது கல்லுக்குப் பிறகு வாயை இழுத்துச் சீராக்கும் தோல் பட்டையில், கோளாறு இருக்கலாம். வாரில் இழுக்கும்போது முதுகு முன்னே, வாய் பின்னே. திருப்பும்போது முதுகை வாரிலிருந்து தூக்காமல் முதுகின் மேலேயே புரட்ட வேண்டும். வாய் வழியாகப் புரட்டினால் வாரும் கிழியும், கூரும் போகும். வார் தொய்ந்திருந்தால் வாய் வட்டமாகிவிடும், இழுத்துப் பிடியுங்கள். துணி வாரில் ஒரு 30 முறை, தோல் வாரில் 60 முறை என்பது நல்ல கணக்கு. நம் ஊர் முடிதிருத்துவோர் பலர் கடைசியாக உள்ளங்கையிலேயே இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும்.

வார் சரியாக இருந்தும் இழுத்தால் 1000 கல்லில் ஏதோ மிச்சம் இருக்கிறது, மை சோதனைக்குத் திரும்புங்கள். இழுக்கவில்லை, ஆனால் தோல் எரிகிறது, கழுத்தில் சிவந்து போகிறது என்றால் எதிர்க் கோளாறு: அளவுக்கு மீறித் தீட்டி, வாயின் மேல் கம்பி மாதிரி மெல்லிய விளிம்பு நீண்டுவிட்டது. கத்தியை 8000 கல்லில் வாய் பின்செல்லும்படி நாலைந்து முறை லேசாக இழுத்து, வழக்கம்போல வாய் முன்செல்லும்படி சில முறை தள்ளுங்கள், அந்த விளிம்பு விழுந்துவிடும்.

முதல் சவரத்தில் கன்னங்கள் மட்டும் போதும். சுடுதண்ணீர், நல்ல நுரை, தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு 30 டிகிரி சாய்வு. முகவாயும் மேலுதடும் கை பழகிய பின். படிகாரக் கட்டி பக்கத்திலேயே இருக்கட்டும்.

கைப்பிடி ஆடுகிறது, கத்தி நடுவில் மடங்கவில்லை

ஆணியின் தலையை இறுக்க வேண்டும். கெட்டியான இரும்பின் மேல் ஒரு பக்கத்து ஆணித்தலையை வைத்து, உருண்டைத் தலைச் சின்னச் சுத்தியால் மறுபக்கத்தைத் தட்டுங்கள். அடிக்கக் கூடாது, தட்ட வேண்டும். ஒவ்வொரு நாலு தட்டுக்கும் ஒருமுறை திறந்து மூடிப் பாருங்கள். கத்தி தன் எடையில் விழாமல், விரலுக்கு லேசாக எதிர்ப்புக் கொடுத்தால் போதும். அதற்கு மேல் தட்டினால் கொம்புப் பிடி பிளந்துவிடும். ஆணி ஒடிந்திருந்தால் 1.6 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியும் சின்ன வாஷரும் வாங்கிப் புதிதாகப் போடலாம். பழைய தலையை அரத்தால் தேய்த்துவிட்டுத் தட்டி வெளியே தள்ளுங்கள், நெம்பாதீர்கள்.

ஆணி சரியாக இருந்தும் கத்தி ஒரு பக்கம் உரசினால் பிடி வளைந்திருக்கிறது. மாட்டுக்கொம்பில் இது வழக்கம். சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டால் கொம்பு இளகும், இரண்டு சட்டத்துக்கு நடுவில் கட்டிக் குளிரவைத்தால் நேராகும். இதற்குக் கத்தியைப் பிரித்தெடுத்திருக்க வேண்டும்.

பிடியின் வால் நுனியில், இரண்டு தகடுக்கும் நடுவே சாம்பல் நிற உலோக ஆப்பு இருந்து, அதன் மேல் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது ஈயம். பொடி விஷம். உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, துணியை எறிந்து, கை கழுவுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்த ஆப்பை மாற்றிவிடுவதே நல்லது.

தந்தப் பிடியாக இருந்தால் விற்கவோ வாங்கவோ கூடாது, இந்தியாவில் அது சட்டப்படி குற்றம்.

துரு எடுத்தது எடுத்தபடி, மறுபடி மறுபடி வருகிறது

வீட்டில் ஈரம் என்று நினைப்பீர்கள். சென்னை, நாகை, யாழ்ப்பாணம் மாதிரி கடற்காற்று அடிக்கும் ஊர்களில் அது பாதி உண்மை. ஆனால் துரு எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். பிடிக்குள் மடங்கி இருக்கும் பகுதியில் மட்டும், பிடியின் நிழல் விழுந்ததுபோலத் துரு படிந்தால் குற்றவாளி பிடிதான்.

19-ஆம் நூற்றாண்டின் கடைசிக் காலத்திலிருந்து பிடிகளுக்கு செல்லுலாய்ட் நிறையப் பயன்பட்டது. ஆமையோடு மாதிரி, தந்தம் மாதிரி, தேன் நிறத்தில் எல்லாம் வரும். துணியால் வேகமாகத் தேய்த்து மோந்தால் கற்பூர வாசனை அடிக்கும். இது வயதாகும்போது தானே சிதைந்து அமில ஆவியை விடும், அந்த ஆவி எஃகை அரிக்கும். பிடியில் உள்ளுக்குள் சின்னச் சின்ன வெடிப்பு, ஓரம் பொடிவது, மூக்கைக் குத்தும் புளிப்பு நெடி, ஆணியைச் சுற்றிப் பச்சைக் களிம்பு ஆகியவை அறிகுறிகள். தொடங்கிவிட்டால் நிறுத்த முடியாது. அதே பெட்டியில் இருக்கும் மற்றக் கத்திகளையும் கெடுக்கும். பிடியைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு, மரத்திலோ கொம்பிலோ புதுப் பிடி போடுங்கள். செல்லுலாய்ட் சட்டென்று தீப்பிடிக்கும் பொருள். சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் பரிசோதனையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

பிடி நல்லதாக இருந்து துரு வந்தால் துடைப்பதில் குறை. சவரம் முடிந்ததும் கத்தியைத் துடைப்பார்கள், ஆணியைச் சுற்றியும் பிடிக்குள்ளும் இருக்கும் தண்ணீரை மறந்துவிடுவார்கள். அலசும்போதே வாயை மட்டும் நனைத்து, கழுத்துக்கு மேல் தண்ணீர் ஏறாமல் பாருங்கள். மெல்லிய துணியைப் பிடிக்குள் விட்டு ஒரு இழு. பல பேருக்குப் பயன்பட்ட பழைய கத்தியாக இருந்தால், முதல் சவரத்துக்கு முன் சோப்புத் தண்ணீரில் கழுவி, 70 சதவீத ஐசோபிரொப்பைல் ஆல்கஹாலில் கத்தியை மட்டும், பிடி படாமல், பத்து நிமிடம் வைத்து எடுங்கள். ப்ளீச்சிங் தண்ணீர் வேண்டாம், அதுவே புதுத் துருவைக் கொண்டுவரும்.

எண்ணெய் விஷயத்தில் தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தாலும் சேமித்து வைக்க உதவாது, நாளாக நாளாகக் கெட்டுப்போகும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, விரலால் இரண்டு பக்கமும். தோல் உறைக்குள் நிரந்தரமாக வைக்காதீர்கள், பதனிட்ட தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் குளியலறை அலமாரியிலிருந்து எடுத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு படுக்கையறை பீரோவில் வையுங்கள். மாதம் ஒருமுறை எடுத்து ஆணிப் பக்கம் மட்டும் பார்த்தால் போதும், துரு முதலில் தலைகாட்டுவது அங்கேதான்.